சோக்கைக் கழற்றலாமா, விட்டுவிடலாமா?

போன இதழில் வேறொரு கேள்விக்குப் பதில் எழுதும்போது, போகிற போக்கில் "பழைய டியூப்லைட் ஃபிட்டிங்கை ஏன் தூக்கிப் போடுகிறீர்கள், அதிலேயே எல்.இ.டி. டியூபை மாட்டிக்கொள்ளலாமே" என்று ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிதான் வினையாகப் போயிற்று. மாட்டிவிட்டு எரியாமல் விழித்தவர்கள், எரிந்து பிறகு ஃபியூஸ் போனவர்கள், அணைத்த பிறகும் எரிகிறதே என்று பயந்தவர்கள் என ஆளாளுக்கு எழுதியிருக்கிறார்கள். தப்பு என்னுடையதுதான். நாலு பக்கத்தில் சொல்ல வேண்டியதை ஒரு வரியில் சொன்னால் இப்படித்தான் ஆகும். அதனால் இந்த முறை முழுக்க டியூப்லைட்தான்.

கேள்வி: எங்கள் வீட்டில் இருப்பது சோக்கும் ஸ்டார்ட்டரும் உள்ள பழைய நாலடி ஃபிட்டிங். பழைய டியூபைக் கழற்றிவிட்டு எல்.இ.டி. டியூபை அப்படியே மாட்டினேன். ஒரு நொடி எரிகிறது, அணைகிறது, மறுபடி எரிகிறது. டியூப் கோளாறா?

டியூப் பாவம், அதன் மேல் பழி இல்லை. ஸ்டார்ட்டரைக் கழற்றாமல் விட்டிருப்பீர்கள். அந்தச் சின்ன வெள்ளை டப்பாதான் குறும்பு செய்கிறது.

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இது புரிந்துவிட்டால் இன்று வந்திருக்கும் கேள்விகளில் பாதிக்கு நீங்களே பதில் சொல்லிவிடுவீர்கள். பழைய டியூபுக்குள் இருப்பது துளி பாதரசமும் கொஞ்சம் ஆர்கான் போன்ற வாயுவும். சாதாரண வீட்டு மின்சாரத்தைக் கொடுத்தால் அது பேசாமல் இருக்கும், ஒரு முறை பற்றிக்கொண்டால் எவ்வளவு கரண்ட் கொடுத்தாலும் குடித்துக்கொண்டே போய்த் தன்னையே எரித்துக்கொள்ளும். ஆரம்பத்தில் ஓர் உந்து வேண்டும், அப்புறம் ஒரு கடிவாளம் வேண்டும். இரண்டையும் செய்வது சோக். ஸ்விட்சைப் போட்டதும் கரண்ட் சோக் வழியாக வந்து, டியூபின் ஒரு முனையில் உள்ள இழைக்குள் புகுந்து, ஸ்டார்ட்டர் வழியாக அடுத்த முனைக்குப் போய், அங்குள்ள இழையையும் சுற்றிக்கொண்டு நியூட்ரலுக்குத் திரும்பும். ஸ்டார்ட்டருக்குள் ஒரு குட்டிக் கண்ணாடிக் குமிழ், அதற்குள் சூட்டில் வளையும் ஒரு தகடு. சூடானதும் தகடு தொட்டுக்கொள்ளும், இழைகள் சிவக்கும். தகடு ஆறியதும் பிரியும். பிரிகிற அந்தக் கணத்தில் சோக் ஓர் உதை உதைக்கும், பல நூறு வோல்ட். டியூப் பற்றிக்கொள்ளும். முதல் உதையில் பற்றவில்லை என்றால் இரண்டாவது, மூன்றாவது. மெதுவாகப் புரிந்துகொள்கிறவர்களை நாம் "டியூப்லைட்" என்று கேலி செய்வதற்குக் காரணமே இந்தத் தகடுதான். இன்னும் பத்துப் பதினைந்து வருஷம் போனால் பிள்ளைகளுக்கு அந்தக் கேலியை விளக்கித்தான் சொல்ல வேண்டியிருக்கும்.

இப்போது எல்.இ.டி. டியூபுக்கு வருவோம். அதற்கு உதையும் வேண்டாம், இழையைச் சூடாக்கவும் வேண்டாம், இழையே கிடையாது. அதற்குள்ளேயே டிரைவர் என்ற சின்ன எலெக்ட்ரானிக் பலகை இருக்கிறது, கரண்டை அளந்து கொடுப்பது அதன் வேலை. ஸ்டார்ட்டர் மட்டும் பழைய ஞாபகத்தில் தட்டிக்கொண்டே இருக்கும். அதுதான் உங்கள் மினுக்கல்.

டியூப் வாங்கிய பெட்டியைத் தூக்கிப் போடவில்லை என்றால் உள்ளே தேடிப் பாருங்கள், ஸ்டார்ட்டர் மாதிரியே இன்னொரு டப்பா இருக்கலாம். 'எல்.இ.டி. ஸ்டார்ட்டர்' என்று எழுதியிருக்கும். பேர்தான் ஸ்டார்ட்டர், உள்ளே இருப்பது வெறும் ஃபியூஸ் கம்பி. பழையதைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் இதைத் திருகினால் வேலை முடிந்தது. சில டியூப்களுக்கு இது வராது. பழைய ஸ்டார்ட்டரைக் கழற்றிவிட்டு அந்த இடத்தைக் காலியாக விட்டால் போதும் என்று படம் போட்டிருப்பார்கள். எது உங்களுடையது என்பது டியூபோடு வந்த காகிதத்தில்தான் இருக்கிறது, அதை விட்டுவிட்டு என்னைக் கேட்டால் நானும் அந்தக் காகிதத்தைத்தான் கேட்பேன்.

கேள்வி: ஒரு எலெக்ட்ரீஷியன் சோக்கைக் கழற்றியே ஆக வேண்டும் என்கிறார். இன்னொருவர் அது பாட்டுக்கு இருந்துவிட்டுப் போகட்டும் என்கிறார். யார் சொல்வது சரி?

இரண்டு பேரும் சரி, வேறு வேறு டியூபை நினைத்துக்கொண்டு பேசுகிறார்கள், அவ்வளவுதான்.

கடையில் கிடைக்கும் எல்.இ.டி. டியூப்கள் பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் மூன்று சாதி. முதல் வகை, பழைய சோக்கோடு அல்லது பழைய எலெக்ட்ரானிக் பேலஸ்ட்டோடு (சோக்கின் வேலையைச் செய்யும் எலெக்ட்ரானிக் டப்பா) ஒத்துப்போவது. ஃபிட்டிங்கைத் திறக்கவே வேண்டாம். இரண்டாவது, நேரடியாக மெயின் கரண்டில் ஓடுவது. சோக், ஸ்டார்ட்டர் எல்லாவற்றையும் வயரிங்கிலிருந்து விலக்கிவிட வேண்டும். மூன்றாவது, டியூபுக்குள் டிரைவர் இல்லாமல் வெளியே தனி டிரைவர் வைத்து ஓட்டுவது, இது பெரிய அலுவலகங்களில்தான் அதிகம். முதல் இரண்டு வேலையையும் செய்கிற கலப்பு ரகமும் உண்டு. பெட்டியில் ஏ, பி, சி என்று வகை எழுத்து போட்டிருந்தால் மேலே சொன்ன அதே வரிசைதான்.

என் கட்சி என்ன என்று கேட்டால், சோக்கை வயரிங்கிலிருந்து எடுத்துவிடுகிற கட்சி. சோக்கை விட்டுவைத்தால் அது தின்னும் மின்சாரம் பெரிதாக ஒன்றும் இல்லை, எல்.இ.டி. இழுக்கிற கரண்டு குறைவு என்பதால் ஒரு வாட் அளவில்தான் வீணாகும். ஆனால் இருபது வருஷம் சூட்டில் கிடந்த சோக் என்றைக்காவது ஒரு நாள் போகத்தான் போகிறது, அன்றைக்குப் புது டியூப்தான் போய்விட்டது என்று நினைத்து நீங்கள் இன்னொரு டியூப் வாங்கிவிட்டு வந்து நிற்பீர்கள். கெட்டுப்போகக்கூடிய ஒரு பொருளை வேலையே இல்லாமல் எதற்கு நடுவில் உட்கார வைப்பது?

ஆனால் வயரிங்கைத் தொடத் தெரியாதவர்களுக்கு இதே ஆலோசனையைச் சொல்ல மாட்டேன். அவர்கள் முதல் வகையை வாங்கி, ஸ்டார்ட்டரை மட்டும் மாற்றிக்கொண்டு நிம்மதியாக இருக்கலாம். இன்னொன்று, பல நாடுகளில் ஃபிட்டிங்கின் உள் வயரிங்கை மாற்றிவிட்டால் அதைத் தயாரித்தவர் கொடுத்த பாதுகாப்புச் சான்று அதோடு போயிற்று, மாற்றியவர்தான் பொறுப்பு. சொந்த வீட்டில் அது உங்கள் பாடு. அலுவலகம், பள்ளி, வாடகைக் கட்டடம் என்றால் தகுதியுள்ள ஆளை வைத்துச் செய்து கையெழுத்து வாங்கி வைப்பது நல்லது.

கேள்வி: நானே சோக்கைக் கழற்றி வயரிங் மாற்றினேன். நன்றாக எரிந்தது. துடைப்பதற்காக டியூபைக் கழற்றித் திரும்ப மாட்டினேன், 'டப்' என்று எம்.சி.பி. (ஷார்ட் ஆனால் தானாக விழுகிற மெயின் போர்டு ஸ்விட்ச்) விழுந்துவிட்டது. டியூபிலும் உயிர் இல்லை. துடைத்தது தப்பா?

துடைத்தது தப்பில்லை, திருப்பி மாட்டியதுதான் தப்பு. தலைகீழாக மாட்டியிருக்கிறீர்கள்.

பழைய டியூபுக்குத் தலையும் கிடையாது வாலும் கிடையாது, எப்படி மாட்டினாலும் எரியும். அந்தப் பழக்கம் நம் கையை விட்டுப் போகவில்லை. எல்.இ.டி. டியூபில் பல ஒற்றை முனை ரகம்: ஒரு முனையில் உள்ள இரண்டு பின்களுக்குத்தான் ஃபேஸும் நியூட்ரலும். அடுத்த முனையில் உள்ள இரண்டு பின்களும் உள்ளுக்குள் ஒன்றோடொன்று இணைந்திருக்கும், டியூப் கீழே விழாமல் பிடித்துக்கொள்வதுதான் அவற்றின் முக்கிய வேலை. (முதல் கேள்வியில் சொன்ன வட்டப் பாதையை நினைத்துப் பாருங்கள். சோக்கோடு போடும்போது கரண்டு இந்த இணைப்பு வழியாகத்தான் நியூட்ரலுக்குத் திரும்புகிறது, அதற்காகத்தான் அந்த இணைப்பே.) நீங்கள் ஒரு ஹோல்டருக்கு மட்டும் ஃபேஸ், நியூட்ரல் கொடுத்துவிட்டு, அதில் இந்த இணைந்த முனையைச் செருகினால் என்ன ஆகும்? ஃபேஸும் நியூட்ரலும் நேருக்கு நேர் தொட்டுக்கொள்ளும். எம்.சி.பி. விழுந்தது உங்கள் அதிர்ஷ்டம்.

டியூபின் ஒரு முனையில் சின்னதாக 'எல்', 'என்' என்று அச்சடித்திருக்கும். கண்ணாடி போட்டுக்கொண்டு பார்க்க வேண்டிய அளவுக்குத்தான் அச்சடிக்கிறார்கள், ஏன் என்று தெரியவில்லை. அதைக் கண்டுபிடித்ததும் அந்த முனையிலும், கரண்டு வருகிற ஹோல்டரிலும் சிவப்பு இன்சுலேஷன் டேப்பை ஒரு சுற்றுச் சுற்றிவிடுங்கள். அடுத்த முறை துடைக்கும்போது சிவப்பைச் சிவப்போடு சேர்த்தால் போதும்.

இரட்டை முனை ரகமும் உண்டு: ஒரு முனையில் ஃபேஸ், மறு முனையில் நியூட்ரல். தலைகீழாக மாட்டினாலும் இது எரியும், ஆனால் இதில் வேறு ஆபத்து. கரண்டு ஓடும்போது ஒரு முனையைச் செருகிவிட்டு மறு முனை கையில் இருந்தால், டியூபுக்குள் புகுந்த கரண்டு அந்தக் கையில் உள்ள பின்னுக்கு வந்து நிற்கலாம். அலுமினிய ஏணி மேல் நின்றுகொண்டு, ஒரு கையால் எர்த் செய்த இரும்பு ஃபிட்டிங்கைப் பிடித்துக்கொண்டு இதைச் செய்கிறவரை நினைத்தால் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. சுவரில் உள்ள ஸ்விட்சை அணைத்தால் போதும் என்றும் நினைக்காதீர்கள். பழைய வீடுகளில் ஸ்விட்ச் நியூட்ரலில் போட்டிருக்கும். அணைத்தாலும் ஃபேஸ் ஃபிட்டிங்கில் அப்படியே நிற்கும். எம்.சி.பி.யை இறக்குங்கள். பிறகு டெஸ்டரை முதலில் கரண்டு உள்ள ஒரு பிளக்கில் வைத்து அது ஒழுங்காக எரிகிறதா என்று பாருங்கள், அப்புறம் ஃபிட்டிங்கில் வைத்துப் பாருங்கள், மறுபடி அந்த பிளக்கிலேயே வைத்துப் பாருங்கள். டெஸ்டரே செத்துப்போயிருந்தால் நடுவில் பார்த்ததற்கு அர்த்தம் இல்லையே.

கேள்வி: ஃபிட்டிங்கைத் திறந்தால் சோக் பக்கத்தில் ஒரு அலுமினிய உருளை, இரண்டு வயரோடு. அதையும் எடுக்க வேண்டுமா?

எடுங்கள், ஆனால் அவசரப்பட்டுத் தொடாதீர்கள். அது கெப்பாசிட்டர். சோக் கரண்டை பின்னுக்கு இழுத்து பவர் ஃபேக்டரை, அதாவது இழுக்கிற கரண்டில் உருப்படியாக வேலை செய்கிற பங்கை, ஏறத்தாழ பாதிக்குக் கொண்டுபோய்விடும், அதைச் சரிக்கட்ட வைத்தது. சோக் போன பிறகு சரிக்கட்ட எதுவும் இல்லை, அது இருந்தால் இப்போது எதிர்ப்பக்கம் இழுக்கும். எம்.சி.பி. இறக்கிய பிறகும் அதில் சார்ஜ் தங்கியிருக்கலாம் என்பதுதான் விஷயம். கொஞ்ச நேரம் விட்டுவிட்டு, மீட்டர் வைத்து வோல்ட் இல்லை என்று பார்த்துவிட்டுத்தான் வயரை வெட்ட வேண்டும்.

கேள்வி: என் ஃபிட்டிங்கில் ஸ்டார்ட்டரே இல்லை, ஸ்விட்சைப் போட்டதும் உடனே எரியும். இதில் எந்த டியூப் போடலாம்?

உங்களுடையது எலெக்ட்ரானிக் பேலஸ்ட். கனத்த இரும்பு சோக்குக்குப் பதிலாக எடை இல்லாத ஒரு நீள டப்பா இருக்கும். அது வீட்டு மின்சாரத்தின் 50 அல்லது 60 ஹெர்ட்ஸை 20,000க்கும் மேலே ஏற்றி டியூபுக்குக் கொடுக்கும். 'ஸ்டார்ட்டரை மாற்றினால் போதும்' ரக டியூபை இதில் செருகினால் டியூபோ பேலஸ்ட்டோ, ஒன்று போகும். பேலஸ்ட்டோடு ஒத்துப்போகும் டியூப் என்று விற்பவற்றையும் எல்லாப் பேலஸ்ட்டும் ஏற்காது. தயாரிப்பாளர் வெளியிடும் பொருத்தப் பட்டியலில் உங்கள் பேலஸ்ட்டின் மாடல் எண் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இந்தத் தலைவலிக்கு, பேலஸ்ட்டைக் கழற்றிவிட்டு நேரடி டியூப் போடுவது மேல்.

ஃபிட்டிங்கைத் திறக்காமலே எந்த ரகம் என்று பார்க்க ஒரு வழி: பழைய டியூப் எரிந்துகொண்டிருக்கும்போது, வெளிச்சத்துக்கு எதிரே ஒரு பேனாவை விரல் நடுவில் பிடித்து வேகமாக ஆட்டுங்கள். பேனா தனித்தனித் துண்டுகளாக, விசிறி மடிப்பு போலத் தெரிந்தால் இரும்பு சோக். ஒரே மங்கலாகத் தெரிந்தால் எலெக்ட்ரானிக். இதே சோதனையைப் புது எல்.இ.டி. டியூபிலும் செய்து பாருங்கள். மலிவு டியூப்களில் பேனா மறுபடி துண்டு துண்டாகத் தெரியும், செல்போன் கேமராவில் பார்த்தால் கோடு கோடாக ஓடும். அதற்குள் இருக்கும் டிரைவரில் காசு மிச்சம் பிடித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அதன் கீழே உட்கார்ந்து நாள் முழுக்கப் படிக்கிற பிள்ளைக்கு அதை வாங்கிக் கொடுக்காதீர்கள்.

16 மில்லிமீட்டர் குச்சி மாதிரி ஒல்லி டியூப் என்றால் அது டி5, எலெக்ட்ரானிக் பேலஸ்ட்டில்தான் ஓடும். நீளமும் வேறு: சாதாரண நாலடி டியூப் 1,200 மில்லிமீட்டர், டி5 இல் அதற்கு இணையானது 1,149. பின் இடைவெளியும் 13 மில்லிமீட்டர் இல்லை, 5. ஒன்றுக்கு இன்னொன்றை வாங்கிக்கொண்டு வராதீர்கள்.

கேள்வி: அணைத்த பிறகும் எல்.இ.டி. டியூப் லேசாக எரிகிறது. சில சமயம் நடுராத்திரியில் பளிச் பளிச்சென்று மின்னுகிறது. பயமாக இருக்கிறது.

பேய் இல்லை, கசிவு. எல்.இ.டி. கண் சிமிட்ட மிகத் துளிக் கரண்டு போதும், பழைய டியூப் அதைச் சீண்டியே பார்த்திருக்காது. மூன்று காரணத்தில் ஒன்றாக இருக்கும். ஸ்விட்ச் நியூட்ரலில் இருக்கிறது. அல்லது ஸ்விட்சுக்குள் இருட்டில் தெரிவதற்காகக் குட்டி விளக்கு இருக்கிறது, அதன் வழியாகக் கொஞ்சம் கசிகிறது. அல்லது ஃபேஸ் வயரும் ஸ்விட்ச் வயரும் ஒரே குழாயில் நீண்ட தூரம் ஒட்டி ஓடுகின்றன. லேசாக நின்று எரிந்தால் கசிவு நேரடி. சில நொடிக்கு ஒரு முறை மின்னினால், டிரைவரில் உள்ள கெப்பாசிட்டர் துளித் துளியாகச் சேர்த்து வைத்து ஒரேயடியாகக் கொட்டுகிறது.

முதல் காரணம் என்றால் அது விளக்குப் பிரச்சினையே அல்ல, பாதுகாப்புப் பிரச்சினை. ஸ்விட்சை ஃபேஸுக்கு மாற்றச் சொல்லுங்கள். மற்ற இரண்டும் தொல்லைதான், ஆபத்தில்லை.

கேள்வி: 36 வாட்டுக்குப் பதில் 18 வாட் போட்டால் வெளிச்சம் குறையாது என்று சொல்லித்தான் வாங்கினேன். ஆனால் அறை முன்பு போல் இல்லை. கூரை இருட்டாக இருக்கிறது. ஏமாற்றிவிட்டார்களா?

பாதி ஏமாற்று, பாதி உண்மை. நல்ல ரக 36 வாட் பழைய டியூப் புதிதாக இருக்கும்போது 3,200 லூமனுக்கு மேல் கொடுக்கும் (லூமன் என்பது வெளிச்சத்தின் அளவு). 18 வாட் எல்.இ.டி. டியூப் பலவும் 1,800 முதல் 2,000 வரைதான். கணக்கு உதைக்கிறது இல்லையா? ஆனால் பழைய டியூப் சுற்றிலும் வெளிச்சத்தை வீசும். மேலே போனதில் பெரும்பகுதி தூசு படிந்த தகட்டில் மோதியே வீணாகும். எல்.இ.டி. டியூப் பலவும் கீழ்ப்பக்கம் மட்டுமே வீசும், அதனால் மேஜை மேல் விழும் வெளிச்சம் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். கூரைக்குத்தான் ஒன்றும் மிஞ்சாது. சுவரும் கூரையும் இருண்டால் மேஜையில் எவ்வளவு இருந்தாலும் அறையே மங்கியதாகத்தான் கண்ணுக்குப் படும்.

அடுத்த முறை வாட்டைப் பார்க்காமல் லூமனைப் பாருங்கள். நாலடி டியூபில் 2,000க்கு மேல் இருந்தால் பெரும்பாலான அறைகளுக்குப் போதும். வெளிச்சம் விரியும் கோணமும் பெட்டியில் போட்டிருக்கும்: 120 பாகை என்றால் கீழே குவியும், 200க்கு மேல் என்றால் கூரைக்கும் கொஞ்சம் போகும். கண்ணாடி உடல் டியூப்கள்தான் பொதுவாக விரிந்து வீசும், முதுகில் அலுமினியப் பட்டை உள்ளவை குவித்து வீசும். நிறம் உங்கள் விருப்பம், 6,500 கெல்வின் நீலம் கலந்த வெள்ளை, 4,000 நடுத்தரம். படுக்கும் அறைக்கு 6,500 போடுகிறவர்களை எனக்குப் புரிவதே இல்லை, ஆனால் அது என் சொந்தச் சண்டை.

ஒரு வேடிக்கை: எல்.இ.டி.யிலும் வெள்ளை வெளிச்சம் நேராக வருவதில்லை. பழைய டியூபில் பாதரச ஆவி தரும் புற ஊதாக் கதிர், உள் சுவரில் பூசிய பாஸ்பர் மாவில் பட்டு வெள்ளையாகும். எல்.இ.டி.யில் நீல ஒளி மஞ்சள் பாஸ்பரில் பட்டு வெள்ளையாகும். அந்த நீல எல்.இ.டி.க்காகத்தான் அகாசாகி, அமானோ, நகமுரா மூவருக்கும் 2014இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. உள்ளே மாவு வேலை மட்டும் மாறவே இல்லை.

கேள்வி: மாற்றினால் எவ்வளவு யூனிட் மிச்சமாகும்?

36 வாட் டியூப் சோக்கோடு சேர்ந்து சுமார் 45 வாட் தின்னும். எல்.இ.டி. 18. மிச்சம் 27 வாட். ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம் எரித்தால் வருஷத்துக்கு 59 யூனிட். உங்கள் யூனிட் விலையால் பெருக்கிக்கொள்ளுங்கள். மாதத்தில் நாலு நாள் எரியும் ஸ்டோர் ரூம் டியூபை மாற்ற அவசரப்பட வேண்டாம் என்பதும் இதே கணக்கில் தெரிந்துவிடும்.

கேள்வி: பெட்டியில் 50,000 மணி நேரம் என்று போட்டிருந்தது. ஒன்றரை வருஷத்தில் போய்விட்டது. எப்படி?

அந்த 50,000, உள்ளே இருக்கும் எல்.இ.டி. சில்லுகளின் ஆயுள், வெளிச்சம் 70 சதவீதமாகக் குறையும் வரை ஆகும் காலம். உங்கள் டியூபில் செத்தது அனேகமாக டிரைவர். அதில் உள்ள எலெக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டருக்குச் சூடு ஆகாது. பத்து டிகிரி சூடு கூடினால் அதன் ஆயுள் பாதி என்பது எங்கள் தொழிலில் வாய்ப்பாடு மாதிரி. உங்கள் ஃபிட்டிங் நாலு பக்கமும் மூடிய டப்பா ரகமா? காற்றுப் போக வழி இல்லையா? அதில் மூடிய ஃபிட்டிங்குக்கு ஏற்றது என்று எழுதியிருக்கும் டியூபைப் போட்டுப் பாருங்கள்.

கேள்வி: ஒரே ஃபிட்டிங்கில் இரண்டு இரண்டடி டியூப், ஒரு சோக், இரண்டு ஸ்டார்ட்டர். மாற்றலாமா?

இரண்டு டியூபும் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடராக இணைந்திருக்கும். எல்.இ.டி. டியூப் ஒவ்வொன்றும் முழு வோல்ட்டேஜை எதிர்பார்க்கும், தொடரில் போட்டால் இரண்டும் தடுமாறும். சோக்கை எடுத்துவிட்டு, ஒவ்வொரு டியூபுக்கும் தனித்தனியாக ஃபேஸ், நியூட்ரல் கொடுக்க வேண்டும். ஹோல்டர்களை அப்போதே மாற்றிவிடுங்கள், வருஷக்கணக்கில் புற ஊதாவும் சூடும் பட்ட பிளாஸ்டிக் மஞ்சளாகி, திருகும்போது பொரியாக உதிரும். அப்படி உதிர்கிற நிலையில் இருந்தால் பழைய ஃபிட்டிங்கைக் காப்பாற்றாதீர்கள், முழுதாகக் கழற்றிவிட்டு எல்.இ.டி. பேட்டனாகவே (விளக்கும் ஃபிட்டிங்கும் ஒன்றாகவே வருகிற பட்டை) மாட்டிவிடுங்கள். அவசர விளக்காக உள்ளே பேட்டரி வைத்த ஃபிட்டிங் என்றாலும் அப்படியே, அதன் வயரிங்கில் வீட்டில் கை வைக்க வேண்டாம்.

கேள்வி: மிகப் பழைய ஃபிட்டிங். சோக்கிலிருந்து தார் மாதிரி ஏதோ ஒழுகியிருக்கிறது.

வெறுங்கையால் தொடாதீர்கள். கருப்பாக இறுகியது சோக்கை நிரப்பிய தாராகவே இருக்கலாம். ஆனால் 1970களிலும் அதற்கு முன்பும் வந்த சோக்குகளின் கெப்பாசிட்டரில் பி.சி.பி. என்ற நச்சு எண்ணெய் நிரப்பியிருப்பார்கள், அமெரிக்காவில் 1979இல் அதன் தயாரிப்புக்கே தடை வந்தது. கையுறை போட்டு, தனிப் பையில் கட்டி, அபாயக் கழிவு எடுப்பவர்களிடம் கொடுங்கள்.

கேள்வி: கழற்றிய பழைய டியூப்கள் பரண் மேல் ஒரு கட்டு கிடக்கிறது. குப்பையில் போடலாமா? ஒன்று கை தவறி உடைந்துவிட்டது, உடனே துடைப்பத்தால் கூட்டிவிட்டேன்.

துடைப்பம் வேண்டாம், வேக்யூம் கிளீனர் வேண்டவே வேண்டாம், இரண்டும் பாதரசத்தைக் காற்றில் கிளப்பிவிடும். அடுத்த முறை உடைந்தால் ஜன்னலைத் திறந்துவிட்டு, பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு வெளியே போய் ஒரு கால் மணி நேரம் கழித்து வாருங்கள். கெட்டி அட்டையால் துண்டுகளை அள்ளி, மிச்சத் தூளை ஒட்டுகிற டேப்பால் ஒற்றி எடுத்து, கடைசியில் ஈரக் காகிதத்தால் துடைத்து, எல்லாவற்றையும் மூடியுள்ள கண்ணாடி ஜாடியில் போட்டு மூடுங்கள். ஒரு டியூபில் இருப்பது சில மில்லிகிராம்தான், ஒரு முறை கூட்டியதற்காக இத்தனை நாள் கழித்துக் கவலைப்பட வேண்டாம்.

உடையாதவற்றைப் பழைய அட்டைப் பெட்டியிலேயே வைத்து மின்கழிவு சேகரிப்பவர்களிடம் கொடுங்கள். இந்தப் பாதரசத்துக்காகத்தான் மினமாட்டா உடன்படிக்கை நாடுகள் 2023இல் கூடி, நீள டியூப்களின் தயாரிப்பையும் ஏற்றுமதி இறக்குமதியையும் 2027க்குள் நிறுத்துவது என்று முடிவெடுத்தன. ஐரோப்பிய ஒன்றியத்தில் டி5, டி8 (சாதாரண தடிமன் டியூப்) டியூப்களின் புது விற்பனை 2023 ஆகஸ்டிலேயே முடிந்துவிட்டது. ஆக, பழைய ஃபிட்டிங்கை அப்படியே விட்டாலும் அதில் போட டியூப் கிடைக்காத காலம் பக்கத்தில் வந்துவிட்டது.

கேள்வி: சோக்கை எடுத்து எல்.இ.டி.க்கு மாற்றிய ஃபிட்டிங் அது. நான் ஊரில் இல்லாதபோது எல்.இ.டி. டியூப் போய்விட, என் தம்பி பரணில் இருந்த பழைய டியூபை எடுத்து மாட்டியிருக்கிறான். ஒரு வெளிச்சம், ஒரு சத்தம், முனை கருகிவிட்டது. அவன் மேல் தப்பு சொல்ல முடியுமா?

முடியாது. அவன் கண்ணுக்கு அது இன்னமும் டியூப்லைட் ஃபிட்டிங்தானே. கடிவாளம் இல்லாத ஃபிட்டிங்கில், ஒரே முனையில் ஃபேஸும் நியூட்ரலும் இருக்க, அந்த மெல்லிய இழை முழு வோல்ட்டேஜையும் தனியாக வாங்கிக்கொண்டது. கருகியது இழையோடு நின்றது நல்லது.

நான் மாற்றுகிற ஒவ்வொரு ஃபிட்டிங்கிலும், டியூபைக் கழற்றினால் கண்ணில் படும் இடத்தில், அழியாத மார்க்கரால் இப்படி எழுதிவிடுவேன்: "சோக் இல்லை. எல்.இ.டி. டியூப் மட்டும். கரண்டு இந்த முனையில்." பக்கத்தில் ஓர் அம்புக்குறி, கீழே தேதி. தூசு படிந்த தகட்டில் மார்க்கர் பிடிக்காது, முதலில் ஈரத்துணியால் துடைத்துக் காயவிட்டு எழுதுங்கள். பரணில் இருக்கும் மிச்ச டியூப்களையும் தம்பி கண்ணில் படுவதற்கு முன் கொடுத்துவிடுங்கள்.